காகிதம் தாங்கும் வரை

கோயம்புத்தூர்
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மலர்விழிக்கு,

மாமா எழுதுவது. நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்; நடுவில் ஏதோ பீடர் டிரிப் ஆகிவிட்டது என்று வைத்துவிட்டாய். அதுவும் நல்லதுக்குத்தான் கண்ணு. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்தால் டைரிக்குள் சொருகிக்கொள்வாய், தேவைப்படும்போது எடுத்துப் பார்ப்பாய்.

உன் செக்‌ஷனில் இந்தக் கோடையில் போன 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தாயாம். காயில் கம்பி எங்கும் உருகவில்லை, கோர் வைத்தபடியே இருக்கிறது, ஆயில் கறுத்திருக்கிறதே தவிர வற்றவில்லை. “அப்படின்னா இதுல எதுதான் மாமா செத்துப்போச்சு?” என்றாய். பி.இ. முடித்து ஏ.இ. ஆனவள் கேட்கிற கேள்வியா என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருக்கலாம். ரீவைண்டிங் ஷெட்டிலேயே தலை நரைத்தவன் நான். இந்தத் தொழிலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

செத்தது காகிதம்.

நம்பிக்கை வராது, தெரியும். அத்தனை எடை இரும்பும் கம்பியும் கிடக்கும்போது காகிதத்தைப் போய்ச் சொல்கிறானே என்று இருக்கும். அதனால் தொடக்கத்திலிருந்தே வருகிறேன். 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் ஒரு பாதியில் ஒரு சுருளும் மறுபாதியில் இன்னொரு சுருளும் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் பேட்டரியைச் சேர்த்த கணத்தில் மறுபக்கத்தோடு இணைத்திருந்த காந்த ஊசி துள்ளியது. பேட்டரியை எடுத்ததும் எதிர்த்திசையில் துள்ளியது. இடையில் கரன்ட் ஒரே சீராக ஓடியபோது ஊசி அசையவே இல்லை. காந்தப்புலம் மாறினால்தான் மறு சுருளில் வோல்டேஜ் பிறக்கும் என்பது அங்கே தெரிந்தது. டி.சி.யை டிரான்ஸ்பார்மரில் ஏற்ற முடியாது என்பதற்கும் அதுவே காரணம். இதெல்லாம் உனக்குப் பாடம். பாடப் புத்தகம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இனாமல் பூசிய கம்பி அன்றைக்குக் கடையில் கிடைக்காது. ஃபாரடே சுற்றியது வெறும் செம்புக் கம்பி. ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொடாமல் இருக்க இடையில் நூல்கயிறு வைத்தார். ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் பருத்தித் துணி வைத்தார். உலகத்தின் முதல் டிரான்ஸ்பார்மரிலேயே பாதி வேலை இன்சுலேஷன் வேலை. அந்தப் பருத்தியும் இன்றைக்கு நாம் சுற்றுகிற கிராஃப்ட் காகிதமும் செல்லுலோஸ்தான். 190 வருஷத்துக்கு மேலாகியும் அதை விட்டு நாம் பெரிதாக நகர்ந்துவிடவில்லை.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு அந்த வளையம் ஆய்வகச் சாமானாகவே இருந்தது. 1880-களில் கோலார், கிப்ஸ் என்ற இருவர் திறந்த கோர் வைத்து ஒன்றைச் செய்தார்கள். எல்லாவற்றையும் சீரியஸில் கோத்திருந்ததால் ஓரிடத்தில் விளக்கை அணைத்தால் மற்ற இடத்தில் வெளிச்சம் ஏறி இறங்கும். 1885-இல் புடாபெஸ்டில் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த சிப்பர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி மூவரும் கோரை மூடிய வட்டமாக்கி, டிரான்ஸ்பார்மர்களைப் பேரலலில் இணைத்தார்கள். உன் இரட்டைக் கம்ப டி.பி. ஸ்ட்ரக்சரில் இன்றைக்கு நிற்பது அடிப்படையில் அவர்களுடைய பிள்ளைதான். மறுவருஷம் மார்ச்சில் அமெரிக்காவின் கிரேட் பேரிங்டன் என்ற சிற்றூரில் வில்லியம் ஸ்டான்லி கடைத்தெருவுக்கே ஏ.சி. விளக்குப் போட்டுக் காட்டினார்.

எனக்கு இதில் பிடித்த வருஷம் 1891. ஜெர்மனியில் லாஃபன் என்ற ஆற்றங்கரை ஊரில் நீர்மின்சாரம் எடுத்து, 175 கிலோமீட்டர் தள்ளி ஃபிராங்ஃபர்ட் கண்காட்சிக்கு மூன்று பேஸில் கொண்டுபோனார்கள். லைன் வோல்டேஜ் 15,000. பிறகு 25,000 வரை ஏற்றிப் பார்த்தார்கள். அந்த வோல்டேஜுக்குத் துணியும் காற்றும் மட்டும் போதாது என்று டிரான்ஸ்பார்மரை ஆயிலில் முக்கினார்கள். காகிதமும் ஆயிலும் சேர்ந்த அந்தக் கூட்டு இன்றும் கலையவில்லை. தனிக் காகிதம் அவ்வளவு தாங்காது. தனி ஆயிலும் தாங்காது. ஆயில் ஊறிய காகிதம் இரண்டையும் விட அதிகம் தாங்கும்.

இனி ஷெட்டுக்கு வா. ஒன்றை எப்படிக் கட்டுகிறோம் என்று சொல்கிறேன்.

கோருக்கு வருவது சி.ஆர்.ஜி.ஓ. ஷீட். தடிமன் 0.23 அல்லது 0.27 மில்லிமீட்டர், சுமார் 3 சதவீதம் சிலிக்கான். ஒரே இரும்புக் கட்டியாக வைத்தால் அந்தக் கட்டிக்குள்ளேயே கரன்ட் சுழன்று அது அடுப்பாகிவிடும். அதனால்தான் மெல்லிய ஷீட், ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத இன்சுலேஷன் பூச்சு. உருக்கின் மணிகள் எல்லாம் ரோலிங் திசையிலேயே படுத்திருக்கும்படி செய்கிற வித்தைக்கு 1934-இல் நார்மன் காஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கினார். அந்தத் திசையில் காந்தம் சுலபமாக ஓடும், குறுக்கே ஓடச் சொன்னால் அடம் பிடிக்கும். எனவே மூலைகளில் 45 டிகிரியில் வெட்டிச் சேர்க்கிறோம். ரிப்பேருக்கு வந்த கோரை இரும்புச் சுத்தியலால் தட்டி அடுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துடிக்கும். வளைந்தாலும் அடிபட்டாலும் அந்த மணிகளின் ஒழுங்கு கெடும், பூச்சு உரியும், லோடே இல்லாமல் இழுக்கிற கரன்ட் கூடிவிடும். வெளியில் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. மரச் சுத்தியல் எதற்கு இருக்கிறது?

டிரான்ஸ்பார்மர் ‘ம்ம்’ என்று உறுமுவதும் இந்த ஷீட்டால்தான். காந்தம் ஏறும்போது உருக்கு துளியினும் துளி நீளும். ஒரு சைக்கிளில் காந்தம் இரண்டு தடவை உச்சத்துக்குப் போவதால், 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் சத்தம் 100 ஹெர்ட்ஸில் வரும். வழக்கமான உறுமல் திடீரென்று கரகரப்பானால் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

காயிலுக்கு ஒரு சின்னக் கணக்குப் போடு. உன் பக்கம் 11,000/433 வோல்ட். 11,000 பக்கமான ஹெச்.டி. டெல்டா, 433 பக்கமான எல்.டி. ஸ்டார். அதாவது ஒரு பேஸுக்கு ஹெச்.டி.யில் 11,000, எல்.டி.யில் 250. விகிதம் 44. ஒரு சுற்றுக்கு 5 வோல்ட் என்று டிசைன் செய்தால் எல்.டி.யில் 50 சுற்று, ஹெச்.டி.யில் 2,200 சுற்று. 100 கே.வி.ஏ.-வில் எல்.டி. கரன்ட் 133 ஆம்பியர், ஹெச்.டி. காயிலில் 3 ஆம்பியர்தான். எனவே எல்.டி. தடித்த பட்டை, ஹெச்.டி. மெல்லிய கம்பி. கோருக்கு எர்த் கொடுத்திருப்பதால் வோல்டேஜ் குறைந்த எல்.டி. உள்ளே, கோரை ஒட்டி உட்காரும், ஹெச்.டி. வெளியே. கோர் காயிலுக்குள் இருந்தால் கோர் டைப், காயிலைக் கோர் சூழ்ந்திருந்தால் ஷெல் டைப். உன் செக்‌ஷனில் இருப்பதெல்லாம் கோர் டைப். பரீட்சைக்கு அது முக்கியம், லைனில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது காகிதத்தை எண்ணு. எல்.டி. பட்டையைச் சுற்றி இரண்டடுக்குக் காகிதம். ஹெச்.டி. காயிலில் ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் காகிதம். கோருக்கும் எல்.டி.க்கும் நடுவில் பிரஸ்போர்டு உருளை, எல்.டி.க்கும் ஹெச்.டி.க்கும் நடுவில் இன்னொன்று, காயில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிரஸ்போர்டு கட்டைகள். பிரஸ்போர்டும் அழுத்திய காகிதம்தான். ஹெச்.டி.யை ஒரே நீளக் காயிலாகச் சுற்றாமல் பல சின்னக் காயில்களாகச் சுற்றி அடுக்குவதே, பக்கத்துப் பக்கத்து அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் காகிதத்தின் மேல் அதிக வோல்டேஜ் விழக் கூடாது என்றுதான்.

சுற்றி முடித்த காயிலில் ஈரம் இருக்கும். காற்றில் கிடக்கும் காகிதம் தன் எடையில் 6 முதல் 8 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். அதை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும். ஓவனில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, முடிந்தால் வேக்குவம் இழுத்து, மெக்கரில் இன்சுலேஷன் அளவு ஏறி ஓரிடத்தில் நிலைக்கும்வரை காய விட வேண்டும். அவசரப்படுத்துகிற பார்ட்டி யாராக இருந்தாலும் நான் இந்த இடத்தில் காது கேட்காதவன். காய்ந்த காயிலை வெளியே எடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிற பையன்களைத் திட்டுவதும் இதற்குத்தான். மழைநாளில் டப்பாவைத் திறந்து வைத்த அப்பளம் மாதிரி அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எடுத்ததும் டேங்கில் இறக்கி, வடிகட்டிச் சூடாக்கிய ஆயிலை ஊற்றிவிட வேண்டும்.

உன் கேள்விக்கு வருகிறேன். காகிதம் என்பது செல்லுலோஸ் சங்கிலி. புதுக் காகிதத்தில் ஒரு சங்கிலிக்குச் சராசரி 1,000 முதல் 1,200 கண்ணி இருக்கும். சூடு, தண்ணீர், ஆக்ஸிஜன், ஆயில் கெடும்போது உண்டாகும் ஆசிட் எல்லாம் சேர்ந்து அதை நறுக்கிக்கொண்டே இருக்கும். 200 கண்ணிக்கு வந்துவிட்டால் காகிதத்தின் ஆயுள் முடிந்தது என்று கணக்கு. இதில் கொடுமை, செல்லுலோஸ் உடையும்போது அதிலிருந்தே தண்ணீர் பிறக்கும். அந்தத் தண்ணீர் மேலும் உடைக்கும். வெப்பக் கணக்கும் தெரிந்துகொள். காயிலின் மிகச் சூடான இடம் 98 டிகிரியில் இருந்தால் சாதாரண கிராஃப்ட் காகிதத்துக்கு அது இயல்பான வேகம். அதற்கு மேல் 6 டிகிரி ஏறினால் தேய்மானம் இரட்டிப்பு. 12 ஏறினால் நான்கு மடங்கு.

இன்னொரு விஷயம், அனுபவசாலிகளே தவறவிடுவது. கிழடான காகிதம் வோல்டேஜைத் தாங்கும். டெஸ்ட் போட்டால் பாஸாகிவிடும். அந்தக் காகிதத்தால் தாங்க முடியாதது ஆட்டம். எல்.டி. லைனில் எங்கோ கம்பி உரசுகிறது, தென்னை மட்டை விழுகிறது, ஷார்ட். உன் 100 கே.வி.ஏ.-வின் இம்பீடன்ஸ் 4.5 சதவீதம். டெர்மினலுக்குப் பக்கத்திலேயே ஷார்ட் ஆனால் ஃபுல் லோடைப் போல் சுமார் 22 மடங்கு கரன்ட் பாயும். காயிலை இழுத்துத் தள்ளும் விசை கரன்ட்டின் வர்க்கம். அதாவது 480 மடங்குக்கு மேல். எல்.டி. உள்ளே நசுங்கப் பார்க்கும், ஹெச்.டி. வெளியே புடைக்கப் பார்க்கும். புதுக் காகிதமாக இருந்தால் அந்த உதறலைப் பொறுத்துக்கொள்ளும். பழைய காகிதம் சருகாக நொறுங்கும். ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொட்டுவிட்டால் அவ்வளவுதான்.

ஆகவே உன் டிரான்ஸ்பார்மர் மே மாதத்தில் போயிருந்தாலும் சாவு மே மாதத்தில் வந்ததல்ல. ஒவ்வொரு கோடையிலும் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடி, த்ரீ பேஸ் சப்ளை கொடுக்கும் சில மணி நேரத்துக்குள் ஊர் முழுக்கத் தண்ணீர் இறைத்து, காகிதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கிலி இழந்துகொண்டே வந்தது. ஒரு பேஸில் மட்டும் லோடு குவிந்திருந்தால் அந்தக் காயில் மட்டும் சீக்கிரம் கிழடாகும். மூன்று பேஸையும் கூட்டிச் சராசரி எடுத்து “ஓவர்லோடு இல்லை” என்று எழுதுகிற ரிப்போர்ட்டை நம்பாதே; ஒவ்வொரு பேஸுக்கும் டாங் டெஸ்டர் போட்டு, இரவு உச்ச நேரத்தில் எடுக்கச் சொல். பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியாகக் கட்டுகிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. பியூஸ் போகாமல் இருந்தால் ஊரார் சந்தோஷப்படுவார்கள். ஷார்ட் ஆன விசையை முழுக்க வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் காகிதம்.

இப்படிப் பார்த்தால் டிரான்ஸ்பார்மரின் மேல் தொங்குகிற அத்தனை சாமானுக்கும் அர்த்தம் விளங்கும். ஆயில் சூட்டைச் சுமந்து ரேடியேட்டர் துடுப்புக்குப் போகிறது, ஆறி இறங்குகிறது; காகிதம் சூடாகக் கூடாது. கன்சர்வேட்டர் இருப்பது ஆயில் விரிந்து சுருங்க இடம் கொடுத்து, டேங்க் எப்போதும் நிறைந்திருக்க. காகிதத்தைக் காற்று தொடக் கூடாது. இரவில் ஆயில் சுருங்கும்போது உள்ளே இழுக்கும் காற்று பிரீத்தரில் சிலிக்கா ஜெல் வழியாகப் போகிறது. காகிதத்துக்கு ஈரம் போகக் கூடாது. நீல ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் அது குடித்து முடித்துவிட்டது, இனி வருகிற ஈரம் நேரே உள்ளே. பெரிய டிரான்ஸ்பார்மர்களில் டேங்குக்கும் கன்சர்வேட்டருக்கும் நடுக்குழாயில் புக்ஹோல்ஸ் ரிலே. 1921-இல் ஜெர்மனியின் மாக்ஸ் புக்ஹோல்ஸ் கொண்டுவந்தது. உள்ளே காகிதமோ ஆயிலோ கருகி வாயு கிளம்பினால் அதில் போய்த் தேங்கும். முதலில் அலாரம், வேகமாகப் பாய்ந்தால் டிரிப். இவ்வளவு எளிமையான, இவ்வளவு நேர்மையான காவல்காரனை நான் வேறு எந்த மெஷினிலும் பார்த்ததில்லை.

வகை வகையாகப் பிரிப்பதைப் பற்றியும் கேட்டிருந்தாய், டிபார்ட்மென்ட் தேர்வுக்கு. ஸ்டெப்-அப், ஸ்டெப்-டவுன் என்று புத்தகம் தொடங்கும். அது இயந்திரத்தின் குணம் அல்ல, நீ எந்தப் பக்கம் சப்ளை கொடுக்கிறாய் என்பதுதான். அதைப் பற்றிக் கடைசியில் ஒன்று சொல்லணும். வேலையை வைத்துப் பிரித்தால்தான் மனதில் நிற்கும். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டை எடுத்துக்கொள். ஜெனரேட்டர் கொடுப்பது 15.75 கே.வி.; அதை 230-க்கு ஏற்றுவது ஜெனரேட்டர் டிரான்ஸ்பார்மர். அது நாள் முழுக்கக் கிட்டத்தட்ட முழு லோடில் ஓடும். பிறகு 230-லிருந்து 110-க்கு இறக்குகிற பவர் டிரான்ஸ்பார்மர். 400-க்கும் 230-க்கும் நடுவில் இருந்தால் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர். ஒரே காயிலை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்வதால் எடையும் செலவும் குறைவு. உன் சப்ஸ்டேஷனில் 110-ஐ 11 ஆக்குவது, லோடு ஓடும்போதே டேப் மாற்றுகிற வசதியோடு இருக்கும்; எங்கள் பக்கம் 22 கே.வி.யும் உண்டு. கடைசியில் டி.பி. ஸ்ட்ரக்சரில் டிஸ்ட்ரிப்யூஷன் டிரான்ஸ்பார்மர். மேட்டூரிலிருந்து உங்கம்மாவின் மிக்ஸிவரை கரன்ட் குறைந்தது நாலு டிரான்ஸ்பார்மர் தாண்டி வருகிறது.

பெரியதுக்கும் சின்னதுக்கும் டிசைனில் ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் வை. உன் டிஸ்ட்ரிப்யூஷன் டிரான்ஸ்பார்மர் ராத்திரி பகல் இணைப்பிலேயே இருக்கும், லோடோ ஏறி இறங்கும். பழைய 100 கே.வி.ஏ.-வில் லோடே இல்லாவிட்டாலும் கோர் 260 வாட் தின்னும். ஒரு வருஷத்துக்கு அது 2,277 யூனிட். முழு லோடில் காயில் இன்னும் 1,760 வாட் தின்னும். கோர் இழப்பும் காயில் இழப்பும் சமமாகிற இடத்தில்தான் எஃபிஷியன்சி உச்சம். இந்தக் கணக்கில் அது சுமார் 38 கே.வி.ஏ. லோடில் வரும். தப்பான டிசைன் என்று நினைக்காதே. கிராமத்து லோடு நாளின் பெரும்பகுதி அந்த அளவில்தான் இருக்கும் என்று தெரிந்து செய்தது. கோர் இழப்பைக் குறைக்க இப்போது அமார்ஃபஸ் கோர் வருகிறது. ஷீட் 0.025 மில்லிமீட்டர்தான், கண்ணாடி மாதிரி உடையும், ரிப்பேர்காரனுக்குத் தலைவலி. ஆனாலும் அது நல்ல சரக்கு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயில் இல்லாத டிரை டைப்பும் உண்டு. காயிலை எபாக்ஸி ரெசினில் வார்த்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி, அடுக்குமாடி, மால் என்று தீப்பிடித்தால் ஆட்கள் ஓட முடியாத இடங்களுக்கு அதுதான் சரி. விலை அதிகம், அதே கே.வி.ஏ.-வுக்கு உடம்பும் பெரிசு. வெல்டிங் மெஷின், உங்கள் வீட்டு ஸ்டெபிலைசர், செல்போன் சார்ஜருக்குள் இருக்கும் சுண்டைக்காய் அளவு ஃபெரைட் எல்லாம் இதே குடும்பம். சப்ஸ்டேஷனில் கரன்ட்டை அளக்கும் சி.டி., வோல்டேஜை அளக்கும் பி.டி. இரண்டும் அப்படித்தான். சி.டி.யைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: லைன் ஓடும்போது அதன் செகண்டரியைத் திறந்து விடாதே. மீட்டரைக் கழற்றணும் என்றால் முதலில் ஷார்ட் பண்ணிவிட்டுக் கழற்று. திறந்துவிட்டால் பிரைமரி கரன்ட் முழுக்கக் கோரைக் காந்தமாக்கப் போய்விடும், திறந்த முனையில் ஆளைக் கொல்கிற வோல்டேஜ் நிற்கும்.

கடைசியில் சொல்லணும் என்றேனே, அது இது. டிரான்ஸ்பார்மருக்குத் திசை கிடையாது. நீ ஏ.பி. சுவிட்சைத் திறந்து, எல்.சி. என்கிற லைன் கிளியர் வாங்கி, லைன்மேனைக் கம்பத்தில் ஏற்றுகிறாய். கரன்ட் போய்விட்டதே என்று எங்கோ ஒரு கல்யாண மண்டபத்தில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் சரியில்லாத ஜெனரேட்டரைப் போடுகிறார்கள். அந்த 230 வோல்ட் எல்.டி. லைன் வழியாக உன் டிரான்ஸ்பார்மருக்கு வந்தால், அதே 44 விகிதம் தலைகீழாக வேலை செய்து, செத்துப்போன ஹெச்.டி. லைனில் பல ஆயிரம் வோல்ட் நிற்கும். அந்த ஜெனரேட்டரால் எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்பது வேறு விஷயம். ஆள் சாவதற்கு ஒரு கணம் போதும். அதனால் எல்.சி. வாங்கியாச்சு, சுவிட்ச் திறந்தாச்சு என்பதோடு நிறுத்தாதே. வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்ட பிறகுதான் கம்பியில் கை படணும். எல்.டி. பக்கத்துப் பியூஸையும் பிடுங்கி, பிடுங்கிய ஆள் அதைத் தன் பையிலேயே வைத்திருக்கணும். இருபது வருஷம் அனுபவம் உள்ள லைன்மேன் “அதெல்லாம் வேண்டாம்மா, ரெண்டு நிமிஷ வேலை” என்பார். வயதில் பெரியவர், மரியாதையாகவே பேசு. ஆனால் ராடு போடாமல் ஏற விடாதே. உன்னைப் பிடிவாதக்காரி என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

உன் கையில் இருக்கிற டிரான்ஸ்பார்மர்களுக்கு இப்போதைக்கு நீ செய்யக்கூடியது பெரிய வேலை எதுவும் இல்லை. மழைக்கு முன்னால் ஒருமுறை எல்லா பிரீத்தரையும் பார். கேஸ்கெட்டில் ஆயில் கசிந்த கறை இருந்தால் விட்டுவிடாதே, ஆயில் வெளியே வருகிற வழியில் ஈரம் உள்ளே போகும். உன் பக்கம் ஆயில் திருட்டும் உண்டு என்று கேள்விப்பட்டேன். வயல் நடுவில் தனியாக நிற்பவற்றின் டிரெயின் வால்வை வெல்டு வைத்துவிடலாம், பிளேட் போட்டுப் பூட்டவும் செய்யலாம். எர்த் பைப்பைச் சுற்றிக் கோடையில் தண்ணீர் ஊற்ற வை. ஆயில் சாம்பிள் எடுத்தால் மழைநாளில் எடுக்காதே. அடி வால்வைத் துடைத்து, முதலில் வருவதைக் கீழே விட்டு, சுத்தமான உலர்ந்த கண்ணாடி பாட்டிலை அதே ஆயிலால் அலசிவிட்டுப் பிடி. 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 30 கே.வி. தாங்காவிட்டால் ஃபில்டர் பண்ணச் சொல்லிக் கேள்.

போன டிரான்ஸ்பார்மரை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால், காயிலைக் கோரிலிருந்து உருவும் அன்றைக்கு எப்படியாவது நீ போய் நில். நாலு இடத்தில் போட்டோ எடு. ஒரு பேஸ் காயில் முழுக்க ஒரே சீராகக் கறுத்து, காகிதம் விரலில் பொடியானால் நீண்ட நாள் ஓவர்லோடு. லைன் வந்து சேரும் முதல் சில சுற்றுகள் மட்டும் வெடித்துக் கருகியிருந்தால் இடி; லைட்னிங் அரெஸ்டரையும் அதன் எர்த்தையும் பார்க்கணும். எல்.டி. காயில் நசுங்கி வடிவம் மாறியிருந்தால் ஷார்ட், பியூஸ் கம்பியைப் பற்றிக் கேள்வி கேட்கணும். டேங்க் அடியில் சேறு மாதிரி படிவும் துருவும் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. போட்டோ வந்ததும் நான் கூப்பிடுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பேசினால் தேவலை, பகலில் ஷெட்டில் சத்தம்.

அம்மாவிடம் சொல், ஆவணியில் நான் அங்கே வருகிறேன் என்று. மரச் சுத்தியல் ஒன்றும், என்னுடைய பழைய கை மெக்கரும் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். 2,500 வோல்ட் மெக்கர் அது, கைப்பிடியைச் சீராகச் சுற்ற வேண்டும். வந்து காட்டித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா